இரண்டு வேடம், ஒரே கூலி

வியாழக்கிழமைகளில் நான் கடற்கொள்ளைக்காரன்.
மற்ற நாட்களில் டேட்டன் நகரின் தெற்குத் தெருக்களில்
ஐஸ் கட்டி சுமக்கிறவன்.

சேணக் கடைக்கு மேலே மாடி அறை.
வெண்டல் க்ரோதர்ஸ் கதவைத் திறந்ததும்
என் முகத்தைப் பார்க்கமாட்டார்,
தோளைப் பார்ப்பார்.
"ஐம்பது பவுண்டு கட்டியைத் தூக்கும்போது
எந்தக் காலை ஊன்றுவாய்?"
காட்டினேன்.
அந்தக் கால்தான் இப்போது
நாடெங்கும் ஒரு கப்பல் தளத்தில் நிற்கிறது.

ஓங்கிய கை தளராமலிருக்க
உத்தரத்திலிருந்து கயிறு இறக்கி
மணிக்கட்டைக் கட்டித் தொங்கவிட்டார்.
வாள் என்பது திரைச்சீலைக் கம்பி.
கம்பிக்குக் கூர் வைத்து வரைந்தார்.
கயிற்றை வரையவில்லை.
"அடி விழுவதற்கு ஒரு நொடி முன்னால் நிறுத்திவிடுவேன்.
விழுந்த பிறகு பார்க்க என்ன இருக்கிறது?
எழுதியவன் வந்து தரையைத் துடைக்கட்டும்."

மதியம் சூப் குடித்தபின்
"இனி நீ சாகப்போகிற ஆள்" என்றார்.
இன்னொருவனுக்குக் கூலி கொடுக்க
நியூயார்க்கிலிருந்து பணம் வரவில்லையாம்.
காலையில் நான் நின்ற இடத்தை
மல்லாந்து கிடந்தபடி பார்த்தேன்.
"பயப்படு."
அங்கே ஒருவருமில்லை.
கயிறு மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.
அவ்வளவு கஷ்டமாக இல்லை, பயப்படுவது.

கடலை அவர் பார்த்ததே கிடையாது.
நான் பார்த்திருக்கிறேன்: பதினேழு நாள்,
கப்பலின் அடித்தட்டில், ஒரு வட்டத் துவாரமளவு.
அலை உடையும் இடத்தில் என்ன நிறம் என்று கேட்டார்.
அதற்கான சொல் என்னிடம் ஹங்கேரிய மொழியிலும் இல்லை.
கீழே போய், வண்டியிலிருந்து ஒரு கட்டியை
இடுக்கியில் கவ்வி, படியெல்லாம் சொட்டச் சொட்ட ஏற்றி
ஜன்னலில் வைத்தேன்.
வெயில் அதற்குள் புகுந்தது.
"இது" என்றேன்.

அது கரைந்து பலகை இடுக்கில் ஒழுகி
சேணக் கடைக்காரர் கீழிருந்து கத்தும்வரை
பச்சை குழைத்துக்கொண்டே இருந்தார்.
ஜனவரியில் மேட் ரிவரில் அறுத்தெடுத்த தண்ணீர்,
கரீபியக் கடல் ஆனது.
கட்டிக்கு இருபது சென்ட்,
கணக்கில் எழுதிக்கொள்ளச் சொன்னார்.

பத்திரிகை வந்தது.
கறுப்பும் சிவப்பும் மட்டுமே அச்சில் ஏறியிருந்தன.
என் பச்சை சாம்பலாகப் போயிருந்தது.
ரத்தம் பிரமாதமாக வந்திருந்தது.
பாய்மரத்து முடிச்சு தப்பு என்று
பாஸ்டனிலிருந்து யாரோ ஓய்வுபெற்ற மாலுமி
நான்கு பக்கம் எழுதினாராம்.
வெண்டல் ஒரு வாரம் தூரிகையைத் தொடவில்லை.

பிரோஷ்கா விளக்கை அருகே இழுத்துப் பார்த்தாள்.
தாடி ஒட்டிய நான்.
அவன் காலடியில் தாடியில்லாத நான்.
"வெட்டுகிறவனும் நீ, சாகிறவனும் நீ.
கூலி மட்டும் ஏன் ஒன்று?"

புதன்கிழமை. ஸ்டுட்ஸ் வீட்டு ஜன்னலில்
ஐம்பது என்று காட்டும் அட்டை.
தோளில் கட்டி, இடுப்பில் குத்தூசி,
பின்வாசல் வழியே சமையலறைக்குள் நுழைகிறேன்.
கழுத்தில் கம்பளித் துணி சுற்றிய மெர்வின், எட்டு வயது,
கரண்டியைக் கீழே போட்டான்.
கத்தவில்லை. மிக மரியாதையாகக் கேட்டான்:
"கேப்டன், அவனைக் கொன்றுவிட்டீர்களா?
அடுத்த இதழ் வர இன்னும் பதினொரு நாள் இருக்கிறது."

எனக்குக் கதை தெரியாது.
அந்த மொழியில் விலைப்பட்டியல் வரைக்கும்தான் வாசிப்பேன்.
தெரிந்தது இவ்வளவு:
கீழே கிடந்தால் வாள் மிகப் பெரிது.
மேலே நின்றவனோ
கயிற்றில்தான் தொங்கிக்கொண்டிருந்தான்.

"கை இன்னும் இறங்கவில்லை" என்றேன்.

எல்லாம் புரிந்தவன்போலத் தலையாட்டினான்.
ஓடிப்போய் ஐஸ் பெட்டிக் கதவைத் திறந்து பிடித்தான்.
கட்டியை இறக்கினேன்.
குத்தூசியால் ஒரு சில்லு உடைத்துக் கொடுத்தேன்.
அவன் அதை வாயில் போடவில்லை.
ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து
ஒரு கண்ணை மூடிக்கொண்டான்.

வெளியே குதிரை கால் மாற்றி நின்றது.
வண்டியடியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.
இன்னும் பத்தொன்பது வீடு.