உள்ளறை, ஜன்னல் இல்லாதது

ஐந்து ரோடு மேம்பாலத்தின் நிழல்
மத்தியானம் மூன்று மணிக்கு என் பேட்டரிக் கடைக்கு வரும்.
எதிர்மாடியில் டிராவல்ஸ் ஆபீஸ்.
அதன் கண்ணாடியில் ஒட்டிய கப்பல்
பதினொரு வருஷ வெயிலில் வெளுத்து
இப்போது மோர் நிறம்.
எந்தப் பக்கம் வண்டியை விட்டாலும்
நாலு மணி நேரத்துக்குள் கடல் வராத ஊர் இது.
எனக்குத் தெரிந்த தண்ணீர்
டிஸ்டில்ட் வாட்டர், ஐந்து லிட்டர் கேன்.

மே மாதம் கப்பலில் போகலாம் என்றாள் ரேணுகா,
மூணு பேரும்.
அந்த 'மூணு பேரும்'-ஐ
புதுச் செருப்பை மிதித்துப் பார்ப்பது போல்
மெல்ல அழுத்திச் சொன்னாள்.

சஞ்சித்துக்குப் பதினைந்து முடிந்து நாலு மாதம்.
நான் அந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம்.
இன்றுவரை என்னை அவன் எதுவும் கூப்பிட்டதில்லை.
மரியாதைக் குறைவு இல்லை,
'சாப்பாடு ரெடியாம்', 'கேஸ் வந்துருக்கு',
எல்லா வாக்கியமும் நேராக விஷயத்தில் ஆரம்பிக்கும்.
தமிழுக்கு எட்டு வேற்றுமை.
அவன் ஏழோடு சமாளிக்கிறான்.

மேசைக்கு அந்தப் பக்கம் ஷர்மிளா
படங்களைப் பரப்பினாள்.
விசாகப்பட்டினம் போய்த் திரும்புவது ஒன்று.
இலங்கை தொடுவது ஒன்று.
சிங்கப்பூரில் ஏறுவது ஒன்று, அதை
விலை பார்த்ததும் ரேணுகா கவிழ்த்து வைத்தாள்.
பையன்களுக்குத் தனி கிளப், பதிமூன்று முதல் பதினேழு வரை.
சறுக்கு, சுவர் ஏற்றம், ராத்திரி பன்னிரண்டு வரை பீட்சா.
அவன் காதில் இயர்பட்ஸ்.
விரல் மட்டும் இலங்கை மேல் நின்றது.

'பாஸ்போர்ட் எடுத்துருங்க.
தம்பி மைனர், அப்பா கையெழுத்து வேணும்.
அதான் சார் நீங்களே இருக்கீங்களே.'

ரேணுகா கைப்பையில் எதையோ தேடினாள்.
எதுவும் தொலையவில்லை, எனக்குத் தெரியும்.
அவன் ஒரு காதை மட்டும் கழற்றினான்.

அந்த அப்பா நாமக்கல்லில் இருக்கிறார்.
லாரிக்கு பாடி கட்டுகிறவர், சுத்தமான வேலை என்று கேள்வி.
அவர் கட்டிய ஏதோ ஒரு வண்டிக்கு
நான் பேட்டரி மாட்டியிருக்கலாம்.
ஒரு மணி நேரப் பஸ். போய்க் கேட்கலாம்.
அன்றிரவு கடை லெட்டர்பேடில்
'ஐயா' என்று தொடங்கி, கிழித்து,
'சார்' என்று தொடங்கி, கிழித்தேன்.
எனக்கும் எட்டாவதுதான் வரவில்லை.

ஞாயிறு சாயங்காலம் தட்டுவடை செட் வாங்கி வந்தேன்.
பீட்ரூட் துருவல் சட்டையில் சிந்தாமல்
ஒரே வாயில் போட்டு மென்று முடித்து
'வைசாக்கே போலாம்' என்றான்.
'இலங்கைக் கப்பல்ல வைஃபை கொள்ளை.'

இரண்டுக்கும் ஒரே ரேட்.
ஷர்மிளா கொடுத்த தாளில் நான் பார்த்திருந்தேன்.
அவனும் பார்த்திருந்தான்.
எங்கள் மூவரில், இல்லை நால்வரில்,
யாருக்காக அந்தப் பொய் என்று
இப்போதும் பிடிபடவில்லை. கேட்கவும் இல்லை.
தட்டை எடுத்துப் போய்க் கழுவினேன்.

திங்கட்கிழமை அட்வான்ஸ்.
பால்கனி அறை எங்கள் கணக்குக்கு மேலே.
ஜன்னல் வைத்தது எட்டாயிரம் அதிகம்.
'தூங்கத்தானே போறோம்' என்றாள் ரேணுகா,
கடலைப் பார்க்க ஆசைப்பட்டவள்.
உள்ளறைக்குப் பணம் கட்டினோம்.
கீழே இரண்டு படுக்கை,
மேலே இரண்டு, சுவருக்குள் மடிந்திருக்கும்.
'எனக்கு மேல. கீழ குறட்டைச் சத்தம்.'
எங்கள் அறைக்கும் அவன் அறைக்கும் நடுவே
ஹாலும் சமையல்கட்டும் இருக்கின்றன.
எப்போது கேட்டானோ.

'நாலாவதைத் திறக்கணுமா?' என்றாள் ஷர்மிளா.
'பேக் வெச்சுக்கலாம்' என்று சொல்லிவிட்டு
இறங்கிப் போய்விட்டான்.

ரசீதை மடித்துக்கொண்டு நான் படியில் நிற்கிறேன்.
எதிரே என் கடைவாசலில் ஒரு டாட்டா ஏஸ் பானெட்டைத் திறந்தபடி.
'கடைக்காரர் எங்க தம்பி?'
சஞ்சித் திரும்பி மாடியைக் காட்டி ஏதோ சொல்கிறான்.
சரியாக அந்த நேரம் பார்த்து
ஓமலூர் பஸ் ஒன்று பாலத்தடியில் ஹாரனை அழுத்த,
முதல் வார்த்தை போய்விட்டது.
'…மேல இருக்காரு, வந்துருவாரு'
என்பது மட்டும் கேட்டது.