ஒரே மூடி அளவு

வேதாரண்யம் கோர்ட்டில் கரண்ட் இல்லை.
சான்றுப்பொருள் மூன்று, குழல்:
பின்முனையிலிருந்து ஒரு சாண்வரை
வாழைப்பூ மடல் விரிந்தாற்போல் பிளந்தது.
சான்றுப்பொருள் நான்கு, தைலப்புட்டி மூடி.
மருந்து அளக்கும் படி அதுதான்.

"அளவு ஒன்றுதானே அம்மா?"
"ஒன்றுதான்."
"ஆறு வருஷமாய் அதே மூடி, அதே குழல்,
அதே ஈயக்குண்டு?"
"ஆமாம்."
"அப்புறம்?"
எதிர்த்தரப்பு வக்கீல் கேள்வியை அங்கேயே விட்டுவிட்டுக்
கண்ணாடியைத் துடைத்தார்.

அந்த அப்புறத்துக்காகத்தான்
தஞ்சாவூரில் முதல் பஸ் ஏறினேன்.
மடியில் கோப்பு, அதில் இரண்டு வளைகோடு.
மணல் மூட்டைக்குப் பின்னால் குனிந்து நின்று
ஒரு வாரம் எடுத்தவை.

ஒன்று கரிமருந்து.
எரிந்ததில் பாதிக்கு மேல் வாயுவாகாது,
புகையும் கசடுமாய்க் குழலில் அப்பிக்கொள்ளும்.
எவ்வளவு நெருக்கினாலும்
தன் நடையை அதிகம் மாற்றாது.
மெத்தென்ற ஈயத்தைத் தள்ளும்,
தள்ளிவிட்டு ஓயும்.
கோடு சின்ன மேடாய் ஏறி இறங்கியது.

மற்றது புகையில்லா மருந்து,
தோட்டாவைப் பிரித்து எடுத்தது.
ஏறக்குறைய முழுக்க வாயு.
நெருக்கினால் வேகம் கூடும்,
வேகம் கூடினால் நெருக்கம் கூடும்,
அந்த நெருக்கத்தில் மறுபடி வேகம்.
கோடு தாளின் மேல்விளிம்பைத் தாண்டியதால்
இன்னொரு தாள் ஒட்டியிருந்தேன்.

நீதிபதிக்கு அது பிடிபடவில்லை.
முதலாவது மதகுத் தண்ணீர் ஐயா, என்று ஆரம்பித்தேன்,
மேலே எவ்வளவு நின்றாலும்
வாய்க்காலுக்கு வருவது வருமளவுதான்.
"தப்பு" என்றார். திருத்துறைப்பூண்டிப் பக்கம் நிலமாம்.
"தண்ணி மேல ஏறினா மதகுலயும் வேகம் ஏறும்."
சிலர் சிரித்தார்கள். நானும்.
உவமையை வாபஸ் வாங்கினேன்.

ஆற்றங்கரையில் நண்டு வளை, என்றேன் பிறகு, இரண்டாவதற்கு.
கசியும் நீர் மண்ணை அரிக்கும்,
அரித்த வாயில் நீர் கூடும்,
கூடிய நீர் இன்னும் அரிக்கும்.
பேனாவை மூடி வைத்தார்.
ஐப்பசியில் உடைப்பு பார்த்தவர் போலும்.

அரசு வக்கீலுக்கு வேண்டியது வேறு.
மருந்து கொடுத்த மச்சான் பரஞ்சோதி கூண்டில் நிற்கிறான்,
கடலைக்கொல்லை வரப்பில் இருவருக்கும் தகராறு உண்டு.
"தெரிந்தேதான் கொடுத்தான், இல்லையா?"
பரஞ்சோதியின் வாக்குமூலம்:
பன்றி சுட்டால் கோடியக்காட்டு வாட்சர்
புகையைப் பார்த்து வந்துவிடுகிறார்,
புகையாததாய்ப் பார்த்துக் கொடுத்தேன்.
உண்மையாய் இருக்கலாம்.
புகையவில்லைதான்.
இரண்டு கோட்டிலும் அதற்குப் பதில் இல்லை என்றேன்.
அவருக்குக் கோபம்.
இறங்கும்போது படி ஒன்று ஆடியது.

வெளியே டீக்கடை நிழலில் அமிர்தகடேசன்.
வலக்கையில் இரண்டு விரல் மிச்சம்,
கறுப்புக் கண்ணாடிக்குள் ஒரு கண்.
வரப்பைப் பற்றிக் கேட்பான்,
மச்சானைப் பற்றிக் கேட்பான் என்று நின்றேன்.

"குண்டு கிடைச்சுதா மேடம்?"
பனைமரத்தில் தோண்டி எடுத்தோம்.
"வலை ஈயம் அது. மாக்கல் அச்சு நானே கொத்துனது.
உள்ள குமிழ் இருந்துச்சா?"

அறுத்துப் பார்த்திருந்தேன்.
பின்பக்கம் உருகி, மெழுகு வழிந்ததுபோல்.
உள்ளே, பௌர்ணமி மாதிரி என்று சொல்ல வந்து
இன்றைக்கு உவமை வேண்டாமென்று விட்டேன்.
"இல்ல" என்றேன். "ஒரு குமிழ்கூட இல்ல."

இடக்கையில் இருந்த டம்ளரை
அந்த இரண்டு விரலுக்கு மாற்றி
ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தான்.