பத்துக் கிலோவுக்குக் கீழே

புத்தூரிலிருந்து நகரிக்கு வரும் சாலையில்
எடைமேடைக்கு இரவில் நான்தான் ஆள்.
நிலவியல் முதுகலை, முதல் வகுப்பு.
படிப்புக்கேற்ற வேலைதான் என்பார் முதலாளி,
வருவதெல்லாம் கல்தானே.

இரண்டரை மணிக்கு ஓபுலேசு வந்தான்,
பேதம்செர்லாவிலிருந்து கடப்பாக் கல் ஏற்றி.
இருபத்தாறாயிரத்து நானூற்று இருபது.
சீட்டை வாங்காமல் நின்றான்.
"சார், ஒரு பலகையில தேலு இருக்குது."
"தட்டிவிடு."
"உசுரோட இல்ல சார். கல்லுக்குள்ள. இம்மாம் பெருசு."
தோளிலிருந்து விரல்நுனிவரை காட்டினான்.

அவனுக்குத் தேலு, எனக்குத் தேள்.
நாக்கை மடித்து நிறுத்துவதா
உகரத்தில் விட்டுவிடுவதா
என்பதுதான் இங்கே எல்லை.
கொட்டினால் இரண்டு பேரும் அம்மா என்றுதான் கத்துவோம்.

அந்த அளவு எனக்குத் தெரியும்.
பரீட்சைக்கு மனப்பாடம் செய்தது: எழுபது சென்டிமீட்டர்.
ஸ்காட்லாந்தில், கைவிட்ட ஒரு சுண்ணாம்புக் குழியில்,
துண்டு துண்டாகக் கிடைத்தது.
முப்பத்துமூன்று கோடி ஆண்டு.
அப்போது பூ இல்லை, பறவை இல்லை,
செருப்பு இல்லை.
பெரிய கண்கள் அதற்கு,
பகலில்தான் வேட்டைக்குப் போயிருக்கும் என்கிறார்கள்.
ஒளிய ஒரு கல் தேடாத தேள்,
நண்பகலில்,
தன் வாலின் நிழலைத்
தானே மிதித்துக்கொண்டு.

லாரிமேல் ஏறும்போது
என் கால் நடுங்கியது. குளிரில்லை.
பத்துப் பன்னிரண்டு நொடி
பேராசிரியர்கள் எல்லோரும் எனக்குக் கை கொடுத்தார்கள்.

டார்ச் அடித்தான்.
கறுப்புப் பலகையில் பழுப்பாய்
எட்டுக் கால், இரண்டு இடுக்கி,
வளைந்து நிமிர்ந்த வால்.
நகத்தால் சுரண்டினேன்.
மாங்கனீசு.
விரிசலில் இறங்கிய தண்ணீர்
எப்போதோ போட்டுவிட்டுப் போன கறை.

"தேள் இல்லப்பா. கறை."
"எப்படி சார் சொல்றீங்க?"
"இந்தக் கல்லு சேறா இருந்தப்ப தேளே பொறக்கல.
உலகத்துப் பெரிய தேளைவிட
இதுக்கு ரெண்டு மடங்கு வயசு,
குறைச்சு வச்சாலும்."
கயிற்றை இழுத்துக் கட்டியபடி யோசித்தான்.
"அப்ப, தேலு வரப்போவுதுன்னு
கல்லுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு."

முதல் வகுப்பில்
இதற்குப் பதில் இல்லை.

ஐந்நூறு ரூபாய்த் தாள் நீட்டினான்.
கள்ளநோட்டு பார்க்கும் நீல விளக்கில் பிடித்தேன். நல்ல நோட்டு.
மீதி கொடுத்தேன். கேட்டான்:
"தேலு இருக்கற கல்லுன்னு சொன்னா
கூட ஏதாச்சும் கிடைக்குமா சார்?"
"சமையல் மேடைக்குப் போட மாட்டாங்க" என்றேன்.
போய்விட்டான்.

கையில் நீல விளக்கு அணையாமல் இருந்தது.
மேடைமேல் ஏதோ பச்சையாய் எரிந்தது.
கல்லிடுக்கில் அவனோடு வந்ததாயிருக்கும்,
சுண்டுவிரல் நீளம், இரும்புத் தகட்டில் மெதுவாக.
உடம்பெல்லாம் பச்சை,
முதுகு மட்டும் இருட்டு.
குனிந்து பார்த்தால் குஞ்சுகள்,
இருபதோ முப்பதோ.
ஒரு முறை தோலுரித்த பிறகுதான்
இந்த வெளிச்சம் அதுகளுக்கு வரும்.

அந்தப் பெரியதும்
இரவானால் இப்படி எரிந்திருக்குமா?
குஞ்சுகளை ஏற்றிக்கொண்டு
ஒரு சதுப்பைக் கடந்திருக்குமா?
புத்தகத்தில் இல்லை.

திரையைப் பார்த்தேன், சும்மாதான்.
சுழி.
பத்துக் கிலோவுக்குக் கீழே எதுவும்
எங்கள் மேடைக்குத் தெரியாது.

அதற்குள் புத்தூர்ப் பக்கமிருந்து விளக்கு.
அடுத்த வண்டி, ஜல்லி லோடு.
ஓடிப்போய்க் குறுக்கே நின்றேன்.
பிரேக் அலறியது. ஓட்டுநர் தலையை நீட்டித்
தெலுங்கில் என் பரம்பரையை விசாரித்துவிட்டு,
"மேடை காலியாத்தானே கிடக்கு" என்றான்.

"பொறு" என்றேன்.
"லோடு வண்டி ஒண்ணு இறங்குது."