இருவருக்கும்

சிரியத்துப் பேருந்து பாலத்தை நெருங்கும்போது
ஓட்டுநர் பாட்டை நிறுத்துவார்.
அதுதான் எங்களுக்கு மணி.
நாற்பது தலைகளும் ஒன்றாய்க் குனியும்.
கோயிலில்கூட இப்படி ஒரு குனிவை நான் பார்த்ததில்லை.

மேலிருந்து தொடங்குவேன்.
அழுத்திப் பிடித்தால் போன் கேட்கும்:
எனக்கு மட்டும் நீக்கவா, இருவருக்குமா?
இருவருக்கும்.
இருவருக்கும்.
இதையும், இருவருக்கும்.
கல்யாணப் பத்திரிகையில் வரவேண்டிய சொல்
இந்த வேலைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

பரமகுரு எல்லைக்கு அந்தப் பக்கம்
ஒரு சட்டைப் பட்டறையில் பொத்தான் தைக்கிறான்.
இனிப் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று நின்றுவிட்ட
கணக்கு வாத்தியார்.
தமிழைப் பர்மிய எழுத்தில் தட்டுகிறவர்கள் நாங்கள்.
அவனுக்குத் தமிழ் எழுத்து வராது.
எனக்கு வரும், என் போனுக்கு வராது.
ழ வரும் இடத்தில் ய போட்டுக்கொள்வோம்.
எங்களுக்கு மழை எப்போதும் மயை.

முதல் வாரம் சண்டை.
ராத்திரி எழுதியதைக் காலையில் காணோமே,
என்ன கோபம், யார் சொன்னார்கள், என்றெல்லாம்.
அப்புறம் புரிந்துகொண்டான்.
இப்போது பொத்தானைக் கையில் வைத்துக்கொண்டு
எங்கள் பேச்சு ஒவ்வொரு வரியாய்
மறைவதைப் பார்த்திருப்பானாம்.
அவன் எழுதியதும் என் விரலில்தான் போகும்.
"இதோ பாலத்துக்கு வந்துவிட்டாள்."
அங்கே கடிகாரம் அரைமணி முந்தி.
கடைசி வரி போனதும் மூச்சைப் பிடித்துக்கொள்வான்,
அக்கரை போய் நான் ஒரு புள்ளி அனுப்பும் வரை.
வெறும் புள்ளி.

ஒரு நாள் போனை வாங்கியவன் கேட்டான்:
ஏன் இவ்வளவு சுத்தம்?
உனக்கு யாருமே இல்லையா?

அன்றிலிருந்து குப்பை சேர்க்கிறேன்.
மண்டியின் உளுந்து விலை,
அத்தை மகள் குழந்தைக்கு முளைத்த பல்,
தவணைக்குச் செருப்பு விற்பவள் அனுப்பும் இதயங்கள்.
அவனுடையதிலும் ஒன்றை விட்டுவைப்பேன்.
அழிப்பதற்கு நான்கு நிமிடம் போதும்.
எதை விடுவது என்பதற்குத்தான்
சிரியத்திலிருந்தே யோசிக்க வேண்டியிருக்கிறது.

வியாழக்கிழமை ஏறியவன் சின்னப் பையன்.
வெற்றிலை மென்றுகொண்டே
எழுத்துக் கூட்டி, சத்தமாக, வாசித்தான்:
"ம...யை... வ...ரு...து.
து...ணி... எ...டு."
பேருந்து முழுதும் கேட்டது.
அவனுக்கு அது வெறும் சத்தம்.
எனக்கு, ஒரு துப்பாக்கியின் பக்கத்திலிருந்து
பரமகுரு பேசுகிற மாதிரி.

என்ன பாஷை?
வீட்டுப் பாஷை.
என்ன அர்த்தம்?
மழை வருது, துணியை எடு.

குனிந்து ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தான்.
ஒரு பஞ்சுப்பிசிறுகூட இல்லை.
எங்கே மழை?

தப்பு செய்துவிட்டேன்.
பக்கத்து இருக்கைக்காரி
மடியிலிருந்த கீரைக்கட்டை இறுக்கிக்கொண்டாள்.
மோல்மீனில், என்றேன்.

ஓடிய எஞ்சின் சத்தம் மட்டும்.
"அங்கே எப்பவும் மழைதான்"
என்று போனைத் திருப்பித் தந்தான்.
திரையில் சிவப்பாய் ஒரு துளி வெற்றிலை.

பாலத்தில் ஏறியதும் அந்த வரியையும் அழுத்திப் பிடித்தேன்.
எனக்கு மட்டுமா, இருவருக்குமா?
மூன்றாவதாக ஒரு பொத்தான் இல்லை.
அவன் வாய்க்குள் போனதை யார் எடுப்பது?
இன்று சாயங்காலம் முகாமில் துணி காயப்போடுகையில்
அர்த்தம் தெரியாமல் அதை அவன் முணுமுணுக்கலாம்.
அல்லது அர்த்தம் தெரிந்து.
நான்தான் சொல்லிக்கொடுத்துவிட்டேனே.

விரலை எடுத்துவிட்டேன். வரி இருக்கிறது.

புள்ளி அனுப்ப எட்டே கால் ஆகிவிட்டது.
"எங்கே இவ்வளவு நேரம்?" என்றான்.
பதில் எழுதவில்லை, மண்டி வந்துவிட்டது.
மூட்டைக்கு இரண்டாயிரம் ஏறியிருந்தது
உளுந்து.