மளுக்கப்பாறை, இரவுப் பணி

தடுப்புக்கம்புக்கு அந்தப்புறம் கேரளம்,
இந்தப்புறம் நான்.
நடுவே நாற்பது அடி மூடுபனி.

கார்த்திகை முழுக்க விசில் கேட்டது.
ஒன்று. பிறகு மூன்று, நான்கு, ஏறி ஏறி,
கடைசியில் தொண்டை நடுங்கி இறங்கும்.
வழி காலி, லாரியை விடு என்று
யாரோ யாருக்கோ சொல்வதுபோல.

பவித்ரன்தான் என்று முடிவுகட்டினேன்.
அவன் நீட்டிய கட்டன்சாயாவை
வயிறு சரியில்லை என்று மறுத்தேன்,
இருபது நாள்.

நேற்று இரண்டே காலுக்கு
விசில் என் கூரைக்குப் பின்னாலிருந்து.
டார்ச்சோடு ஓடினால் எதிரே இன்னொரு டார்ச்.
"நிங்களாணென்னு..."
பாதியில் நின்றான் பவித்ரன்.

எங்களுக்கு நடுவே, தலையுயரத்தில்,
செங்குத்தான கொடியைப் பக்கவாட்டில் பற்றிக்கொண்டு
அது.

கூகை என்று எழுதிவிடாதீர்கள்.
கூகைக்கு முகம் வெளுத்த தட்டு.
இதற்கு நெற்றியிலிருந்து அலகுவரை ஓர் ஆப்பு இறங்கி
முகத்தைப் பிளந்திருக்கும்.
மேல்மூலைகள் காதுபோலக் கூர்ந்திருக்கும், காதல்ல.
கண் கறுப்பு. அதன்மேல் நின்றவாக்கில் ஒரு கரிக்கோடு,
அழுதவள் மை துடைக்காததுபோல.
முதுகு செங்கல்பொடி, அதில் சிதறிய கடுகு.
இத்தனையும் பார்க்க அது விட்டது
ஆறேழு மூச்சு.

பிறகு கொடி மட்டும் ஆடியது.
சிறகுச் சத்தம் எனக்குக் கேட்கவில்லை,
அவனுக்கும்.

பதிவேட்டில் இரண்டே காலுக்கு நேரே
'வாகனம் ஏதுமில்லை' என்று எழுதினேன்.
சாயா ஆறிப்போயிருந்தது, சர்க்கரையும் கூடுதல்.
முழுக்கக் குடித்தேன்.

அதைத் திரும்ப வரவழைக்க
பவித்ரன் உதட்டைக் குவித்தான்.
வெறும் காற்றுதான் வந்தது.
அவனுக்கு விசிலடிக்கவே வராது.