பின்னோக்கி நான்கு அடி

பந்தை அடித்தவன் நான்.
அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அஸ்டோரியா. ஆறு கடலோடு மல்லுக்கு நிற்கும் ஊர்.
பழைய டென்னிஸ் திடலை நாலாய் வகுந்து
நகராட்சி நீலம் பூசிய பிக்கிள்பால் கோர்ட்.
காலை எட்டு மணி, செப்டம்பர்.
மூடுபனி விலகியிருந்தது,
விலகிய மாதிரி இருந்தது.
வெள்ளைக் கோடுகளின்மேல்
கண்ணுக்குப் படாத ஈரம்.
படகுத்துறையில் கடல்சிங்கங்கள்
விடியலிலிருந்தே யாரையோ ஏசிக்கொண்டிருந்தன.

அவர்கள் பத்து, நாங்கள் ஒன்பது.
வலையோரம் டைமி கல்லுங்கி.
எழுபத்திரண்டு வயது,
அங்கே அவளைத் தாண்டி ஈகூடப் போகாது.
அதனால் தலைக்குமேல் தூக்கினேன்,
மெல்ல, உயரமாக,
கொஞ்சம் கெட்ட எண்ணத்தோடு.

அவள் திரும்பவில்லை.
முகம் வானத்தில்,
கால்கள் மட்டும் பின்னோக்கி
ஒன்று
இரண்டு
மூன்று
நாலாவது அடியை அவள் வைக்கவில்லை.

கையை ஊன்றினாள்.
மரம் முறிவதுபோல் கேட்குமென்று நினைத்திருந்தேன்.
இல்லை.
கிண்ண விளிம்பில் முட்டையைத் தட்டுவோமே,
அவ்வளவுதான் சத்தம்.
பந்து கோட்டுக்கு ஒரு முழம் வெளியே விழுந்தது.
"அவுட்," என்றாள் கிடந்தபடியே.
ஆட்டம் அவளுக்கு.
மணிக்கட்டில் ஒரு தகடு, ஆறு திருகாணி.

தொடாமல் விட்டிருந்தாலும்
ஆட்டம் அவளுக்குத்தான்.
இதை நினைக்காமல்
நான் பல் துலக்கிய நாளில்லை.

எங்கள் கரை நெடுக ஒரு பலகை உண்டு:
கடலுக்கு முதுகு காட்டாதே.
எழுத்துக் கூட்டத் தெரிந்த நாளிலிருந்து
அதைப் படித்து வளர்ந்தவர்கள் நாங்கள்.
அதனால்தானோ என்னவோ
பின்வாங்கும்போதும் கண்ணெடுக்காமல் பின்வாங்குகிறோம்.
பந்து அலை இல்லையே, டைமி.
அதற்கு முதுகைக் காட்டலாம்.
தோளைத் திருப்பு, இடுப்பைத் திருப்பு,
போகிற திக்கைப் பார்த்து ஓடு.
முடியாவிட்டால் போகட்டும், விடு.
இதையெல்லாம் ஆஸ்பத்திரி வராந்தாவில்
காப்பி இயந்திரத்திடம்தான் சொன்னேன்.

இப்போது ஏழரைக்கே வந்துவிடுகிறேன்.
முப்பது வருடம் படகு எஞ்சின் துடைத்த துண்டுகளோடு
கோடு கோடாய்த் துடைக்கிறேன்.
"கப்பல் தளம் பளபளக்குதா, ரோஸ்கோ?"
கிளெம் ஓபர்க் கேட்பான், காரிலிருந்து இறங்காமல்.
சிரித்துக்கொள்ளட்டும்.
அவனும் இப்போது கணுக்காலைச் சுழற்றாமல்
பேடிலைத் தொடுவதில்லை.
பக்கத்துக் கோர்ட்டுப் பந்து உருண்டு வந்தால்
"பந்து!" என்று நான் கத்துகிற கத்தலில்
கடல்சிங்கங்களே ஒரு நொடி அடங்கும்.

மார்ச்சில் வந்தாள்.
ஓட்டத்துக்கு வாங்கிய அந்தப் பஞ்சு ஷூ இல்லை.
அகல அடி, பக்கவாட்டில் பிடிப்புள்ள புது ஜோடி.
வலக்கையில் பட்டை,
இடக்கையில் பேடில்.
என்னைப் பார்த்தாள். நான் வலையைப் பார்த்தேன்.

மூன்றாவது ஆட்டத்தில்
அவள் தூக்கினாள் ஒன்று.
மெல்ல, உயரமாக.
எந்த எண்ணத்தோடு என்று எனக்குத் தெரியும்.

அறுபத்தெட்டு வயதுக் குதிகால்
என்னைக் கேட்காமலே பின்னால் எழும்பியது.
உடம்புக்கு வெட்கம் கிடையாது,
கண்ணால் கண்ட பாடம்கூட அதற்கு ஏறுவதில்லை.
"விடு!" என்றான் கிளெம்.
குதிகாலைக் கீழே வைத்தேன்.
அது ஒரு வேலை,
எஞ்சினைத் தூக்கி இறக்குவதுபோல் ஒரு வேலை.

பந்து என்னைக் கடந்து
நான் துடைத்த கோட்டுக்கு உள்ளே,
ஒரு சாண் உள்ளே,
காய்ந்த தரையில் விழுந்து துள்ளியது.

டைமி பந்தைப் பார்க்கவில்லை,
என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"உள்ளே," என்றேன் நான்.
பிறகு பந்தை எடுக்க
நடந்துதான் போனேன்.