சிவப்புக் கொப்பி

நீலக் கொப்பி லேபர் கந்தோருக்கு.
சிவப்புக் கொப்பி எங்களுக்கு.
இரண்டிலும் என் கையெழுத்துத்தான்.
நீலத்தில் கொஞ்சம் வடிவாக இருக்கும்.

உப்புவெளியில் சீசன் தொடங்கிவிட்டால்
சலவை அறையில் பகலுக்கும் இரவுக்கும்
ஒரே டியூப்லைட்.
நஸ்லிஹா விடியப்புறம்
கிண்ணியாப் பாலம் தாண்டி, பஸ் மாறி வருவாள்.
வெள்ளைக்காரரின் துவாய்களை உதறுவாள்.
உதிரும் கடல் மணல் மட்டும்
ஒரு நாளைக்கு ஒரு வாளி.
திரும்பும்போது இரவு ஒன்பது,
சில நாள் ஒன்பதே முக்கால்.

நான் நீலத்தில் எழுதுவேன்:
வந்தது எட்டு. போனது ஐந்து.
மதிய இடைவேளை ஒரு மணித்தியாலம்.
அந்த ஒரு மணித்தியாலம்
முழுக்க முழுக்க என் கற்பனை.

பிறகேன் சிவப்பில் உள்ளதை எழுதினாய் என்று
கேட்பீர்கள்.
நேர்மை என்று நினைத்துவிடாதீர்கள்.
கரண்ட் பில்லோடு ஒப்பிட்டுப் பார்க்க
மெனேச்சருக்குச் சரியான நேரம் தேவைப்பட்டது.
பொய்யில் பிழைக்கிறவனுக்கும்
உண்மை எங்காவது ஒரு லாச்சியில்
பத்திரமாக இருக்க வேண்டும்.

முதல்முறை பிடிபட்டபோது
முதலாளி கொழும்பிலிருந்து போனில் கேட்டார்,
தண்டம் எவ்வளவு?
சொன்னேன்.
சிரித்தார்.
கடல் பார்த்த ரூமில் ஓர் இரவு,
காலைச் சாப்பாட்டோடு. அவ்வளவுதான்.
"கட்டிப்போட்டு ரசீதை பைலில் வை தம்பி."

அடுத்த வருடக் கணக்கில்
பூச்சாடிக்கும் நுளம்பு மருந்துக்கும் நடுவே
புதிதாக ஒரு வரி:
தண்டம்.
எதிரே தொகையும் போட்டிருந்தது,
இன்னும் செய்யாத பிழைக்கு.

சட்டத்தை இறுக்கப்போகிறார்களாம்.
டொக்யார்ட் வீதித் தேநீர்க் கடையில்
எங்கள் சமையற்காரன் தவநீதன் பேப்பர் விரித்தான்.
பத்து மடங்காம் என்றான்.
பத்து ரூம் என்றேன் நான்.
கொடுக்காத சம்பளம் இரட்டிப்பாய்த் திரும்பவேணுமாம்.
அதுக்கும் ஒரு வரி போடுவினம் என்றேன்.
மறியலுமாம் என்றான்.
அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.
மறியலை
எந்த வரியில் போடுவது?

அன்று பின்னேரம் மெனேச்சர்
கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்:
"அந்தச் சிவப்பை எரிச்சுப்போடு."
ஏழு வருடம்
கறிவேப்பிலைப் பையோடு கிடந்த கொப்பி.
ஒருவரும் ஒளித்து வைக்கவில்லை அதை,
ஒளிக்கும் அளவுக்கு
அதற்கு விலை இருக்கவில்லை.

எரிக்கக் கொண்டுபோனேன், மெய்.
தீப்பெட்டியும் வாங்கினேன்.

லேபர் கந்தோர் வாசலில் மான்கள் படுத்திருந்தன.
இந்த ஊரில் அவை எங்கும் படுக்கும்.
ஒன்று எழும்பி வந்து
நஸ்லிஹாவின் பையை மோந்தது.
அவள் கையால் தள்ளிக்கொண்டே
பஸ் டிக்கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தாள்,
றப்பர் வளையம் போட்டு, மாதம் மாதமாக.
நேரம் அச்சடித்த மெல்லிய தாள்கள்.
வெயில் பட்டால் எழுத்து அழிந்துவிடும் சாதி.
பாதி ஏற்கெனவே வெள்ளை.

என்னைக் கண்டாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
வாங்கில் கொஞ்சம் தள்ளி இருந்தாள்,
எனக்கு இடம் விட்டா
என்னை விட்டு விலகியா, தெரியவில்லை.

உள்ளே அதிகாரி இரண்டு கொப்பியையும் விரித்து
விரலால் இரண்டு பக்கமும் தேய்த்துப் பார்த்தார்.
"இரண்டும் நீங்கள் எழுதினதா?"
ஓம்.
"எது சரி?"
சிவப்பு.
"அப்ப நீலத்துக்கு உங்களுக்கு என்ன தண்டம்?"
அவர் பகிடியாகக் கேட்டாரோ என்னவோ.
பேப்பரில் அதைப்பற்றி ஒன்றும் இருக்கவில்லை.

பிறகு அவர் சத்தமாக வாசிக்கத் தொடங்கினார்.
ஓகஸ்ட் ஆறு, ஒன்பது.
ஓகஸ்ட் ஏழு, ஒன்பது பத்து.
ஓகஸ்ட் எட்டு, ஒன்பதே முக்கால்.

"அன்டைக்கு மழை" என்றாள் நஸ்லிஹா.
"கடைசி பஸ்ஸும் போயிட்டு."